பெரிய தொகையா, முதலில் வரும் தொகையா: ஐரோப்பாவில் ஒரு சிறு தொழில்நுட்ப நிறுவனத்துக்கு எந்த மானியம்?

ஜெர்மனியில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பதிவாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. குடிநீர்க் குழாயில் கசிவு இருந்தால் காட்டிக்கொடுக்கும் சென்சார் ஒன்றைச் செய்திருக்கிறது. ஆய்வக மேசையில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. தெருவுக்கு அடியில் ஒரு குளிர்காலம் கிடந்தபின் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்து சரிசெய்ய மூன்று ஆண்டும் சுமார் 18 லட்சம் யூரோவும் வேண்டும். ஆராய்ச்சியில் இருக்கும் பொறியாளர்களின் சம்பளம் மட்டுமே ஆண்டுக்கு 4.8 லட்சம். வங்கியில் இருப்பது 4 லட்சம்.

இப்படி ஒரு நிறுவனத்துக்கு ஐந்து வழிகள் உண்டு: ஆராய்ச்சிச் செலவுக்கான வரிச்சலுகை, ஜெர்மன் அரசின் ட்சிம் மானியம், பல நாடுகள் சேர்ந்து நடத்தும் யூரோஸ்டார்ஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பாவின் கூட்டுத் திட்டங்கள், ஐரோப்பியப் புத்தாக்க மன்றத்தின் ஆக்சிலரேட்டர். இந்த மன்றத்தை எல்லோரும் இ.ஐ.சி. என்றுதான் சொல்கிறார்கள்.

வழக்கமாக இவற்றைத் தொகையை வைத்து வரிசைப்படுத்துவார்கள். ஹொரைசன் ஐரோப்பா 2021 முதல் 2027 வரைக்கும் 9,550 கோடி யூரோ, அதில் இ.ஐ.சி.க்கு மட்டும் 1,010 கோடி என்று கேட்டதும் கண் அங்கேதான் போகும். ஆனால் பன்னிரண்டு பேருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியவர் பார்க்க வேண்டியவை வேறு. செலவில் எத்தனை பங்கு திரும்பி வரும், அது எந்த மாதம் வரும், மீதியை எங்கிருந்து போடுவது, விண்ணப்பிக்கும் முன் வேலையைத் தொடங்கிவிட்டால் என்ன ஆகும். இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் வரிசை ஏறக்குறைய தலைகீழாகிவிடும்.

முதலில் பேலன்ஸ் ஷீட்

எந்த விண்ணப்பத்தையும் திறக்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஐரோப்பிய அரசுதவி விதிகளில் ‘நெருக்கடியில் உள்ள நிறுவனம்’ என்று ஒரு வரையறை உண்டு. பங்குதாரர்கள் போட்ட மூலதனத்தில் பாதிக்கு மேல் நட்டத்தில் கரைந்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு அரசுப் பணம் கொடுக்கக்கூடாது. பதிவாகி மூன்று ஆண்டு ஆகாத சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. நம் நிறுவனத்துக்கு வயது ஐந்து, ஆகவே விலக்கு இல்லை.

பங்கு மூலதனம் 25,000 யூரோ, அதற்கு மேல் முதலீட்டாளர் கட்டிய பிரீமியம் 2,75,000, மொத்தம் 3 லட்சம் என்று வையுங்கள். சேர்ந்துபோன நட்டம் 1,80,000. பாதி என்பது 1,50,000. நட்டம் அதைத் தாண்டிவிட்டது. விண்ணப்பம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விழுந்துவிடும். இன்னொரு முதலீட்டாளர் 3 லட்சம் கொடுத்திருக்கிறாரே என்று கேட்கலாம். அது பிற்காலத்தில் பங்காக மாறக்கூடிய கடன் என்ற பெயரில் வந்திருந்தால், மாறும் நாள் வரை கடன்தான், மூலதனத்தில் சேராது. ஆராய்ச்சி செய்யும் இளம் நிறுவனம் நட்டத்தில் ஓடுவது இயல்பு, அதை வைத்தே உதவி மறுக்கும் இந்த விதி விசித்திரமானதுதான். ஆனாலும் விதி அது. கடனைப் பங்காக மாற்றும் பத்திரத்தை விண்ணப்பத்துக்கு முன்பே நோட்டரியிடம் பதிவு செய்வதுதான் வழி.

வரிச்சலுகை, ட்சிம், யூரோஸ்டார்ஸ் மூன்றும் இந்தச் சோதனைக்கு உட்பட்டவை, ஏனென்றால் மூன்றிலும் வருவது நாட்டு அரசின் பணம். பிரஸ்ஸல்ஸிலிருந்து, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திடமிருந்து, நேராக வரும் ஹொரைசன் பணம் அரசுதவி அல்ல, ஆகவே அங்கே இதே சோதனை கிடையாது. ஆனால் பல பங்காளிகள் சேர்ந்த கூட்டமைப்பை ஒருங்கிணைப்பவர் 5 லட்சம் யூரோவோ அதற்கு மேலோ மானியம் கேட்டால் நிதித்திறனைத் தனியாகப் பார்ப்பார்கள்.

சிறு நிறுவனம் என்ற தகுதியையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். 250 பேருக்குக் குறைவு, விற்றுவரவு 5 கோடி யூரோவுக்குள் அல்லது சொத்துக் கணக்கு 4.3 கோடிக்குள் என்பது வரையறை. உங்கள் பங்கில் 25 சதவீதமோ அதற்கு மேலோ ஒரு பெரிய நிறுவனம் வைத்திருந்தால் அதன் ஆட்களும் அந்த விகிதத்தில் உங்கள் கணக்கில் ஏறுவார்கள். பாதிக்கு மேல் வைத்திருந்தால் முழுவதும் ஏறும். துணிகர முதலீட்டு நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் 50 சதவீதம் வரை சலுகை உண்டு. உரிமையாளர் எந்த நாட்டுக் குடிமகன் என்பது இந்தக் கணக்குகளில் வருவதில்லை. நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதுதான் வரும். ஜெர்மனியில் நிறுவனம் நடத்தும் சென்னைக்காரருக்கும் இதே வழிகள்தாம்.

வரிச்சலுகை: அழகில்லாத, ஆனால் உறுதியான பணம்

ஃபோர்ஷுங்ஸ்சூலாகெ என்ற ஜெர்மன் ஆராய்ச்சிச் சலுகை 2020 ஜனவரி 1 முதல் இருக்கிறது. தொடக்கத்தில் ஆராய்ச்சிச் சம்பளச் செலவில் 25 சதவீதம் கொடுத்தார்கள். 2024 மார்ச் 28 முதல் சிறு, நடுத்தர நிறுவனங்கள் 35 சதவீதம் கேட்கலாம். 2025 முடிந்தபின் தொடங்கும் திட்டங்களில் இதரச் செலவுக்காக 20 சதவீதத்தை ஒரே விகிதமாகச் சேர்த்துக்கொள்ளலாம். நம் நிறுவனத்துக்குக் கணக்கு இப்படி வரும்: 4,80,000-உடன் 20 சதவீதம் சேர்த்தால் 5,76,000. அதில் 35 சதவீதம் 2,01,600 யூரோ, ஒவ்வோர் ஆண்டும். வரி கட்டும் அளவுக்கு லாபம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தொகையை ரொக்கமாகவே தருவார்கள். வெளியே கொடுத்துச் செய்யும் ஆராய்ச்சியில் பில் தொகையின் 70 சதவீதம்தான் கணக்கில் வரும். 1 லட்சத்துக்கு ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்திடம் சோதனை செய்தால் அதற்கு 24,500 கிடைக்கும்.

இதில் போட்டி கிடையாது. மற்றவரைவிட நல்ல யோசனை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இது ஆராய்ச்சிதான் என்று நிரூபித்தால் போதும். முதலில் அதற்கான சான்றளிப்பு நிலையத்தில் விண்ணப்பம். அவர்கள் சான்று கொடுத்துவிட்டால் வரி அலுவலகம் அதை மறுக்க முடியாது. இரண்டாவது படி, நிதியாண்டு முடிந்தபின் வரி அலுவலகத்தில் தொகையைக் கேட்பது.

விண்ணப்பம் பெரும்பாலும் விழுவது முதல் படியில். காரணமும் பெரும்பாலும் ஒன்றே: பொருளின் பெருமையை எழுதியிருப்பார்கள். ‘எங்கள் சென்சார் சந்தையில் உள்ளவற்றைவிடச் சிறியது, மலிவானது, செயலியோடு இணைந்தது’ என்பது விளம்பரம். சான்றளிப்பவர் தேடுவது தொழில்நுட்ப நிச்சயமின்மையை. ‘மண்ணின் ஈரம் மாறும்போது ஒலிச் சைகை எப்படிச் சிதைகிறது என்பதற்கு மாதிரி எதுவும் இல்லை, மூன்று அணுகுமுறைகளைச் சோதிக்கிறோம், மூன்றும் தோற்கலாம்’ என்று எழுத வேண்டும். தோற்கலாம் என்று எழுத விற்பனை ஆட்களுக்குக் கை வராது. இந்தப் பகுதியைப் பொறியாளரே எழுதுவது நல்லது.

குறை என்னவென்றால் பணம் பின்னால்தான் வரும். 2026-இல் செலவழித்ததற்கு ஆண்டு முடிந்து, கணக்கு முடித்து, வரி மதிப்பீடு வந்தபின்தான் கையில் கிடைக்கும். 2027-இன் பிற்பகுதி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வங்கியில் 4 லட்சம் வைத்திருக்கும் நிறுவனம் அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். சம்பளம் எடுக்காமல் உழைக்கும் நிறுவனருக்கும் இதில் ஒன்றும் கிடைக்காது. வரையறுக்கப்பட்ட நிறுவனத்தில் வரிக்குட்பட்ட ஊதியம் இருந்தால்தான் கணக்கு.

ஆனால் மற்ற நான்கிலும் இல்லாத ஒரு நன்மை உண்டு: வேலையை முன்பே தொடங்கிவிட்டாலும் தவறில்லை. நான்கு ஆண்டு பின்னோக்கிக்கூடக் கேட்கலாம். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் எத்தனை மணி நேரம் இந்தத் திட்டத்தில் போயிற்று என்ற பதிவு மட்டும் இருக்க வேண்டும். எந்த மானியத்துக்குப் போவது என்று முடிவு செய்யாத நிறுவனமும் இந்த மணிக்கணக்கு ஏட்டை இன்றே தொடங்கிவிடலாம்.

நிறுவனம் வேறு நாட்டில் இருந்தால் இந்த இடத்தில் வேறு சலுகை வரும். பிரான்சில் 1983 முதல் இருக்கும் சி.ஐ.ஆர். 10 கோடி யூரோ வரையான ஆராய்ச்சிச் செலவில் 30 சதவீதம் தருகிறது, சிறு நிறுவனங்களுக்கு உடனே ரொக்கமாக. வாங்கிய மானியத்தை அந்த அடிப்படையிலிருந்து கழித்துவிடுவார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2025-இல் அங்கே விதிகளை இறுக்கினார்கள்: சம்பளத்தின் மேல் போடும் மேற்செலவு 43-இலிருந்து 40 சதவீதமானது, புத்தாக்கத்துக்கான துணைச் சலுகை 30-இலிருந்து 20 ஆனது. ஆஸ்திரியாவில் 14 சதவீதம். நெதர்லாந்தின் டபிள்யூ.பி.எஸ்.ஓ. 2025-இல் முதல் 3,80,000 யூரோவுக்கு 36 சதவீதம், புது நிறுவனங்களுக்கு 50. மாதச் சம்பள வரியிலேயே கழித்துக்கொள்ளலாம் என்பதால் காத்திருப்பு இல்லை. ஆனால் அங்கே காலம் தொடங்கும் முன்பே விண்ணப்பித்தாக வேண்டும், ஜெர்மனியைப் போலப் பின்னோக்கி அல்ல. எல்லைக்கு அப்பால் இருக்கும் நண்பர் சொன்ன வழக்கத்தை நம்பி ஓராண்டுச் சலுகையை இழப்பது எளிது.

ட்சிம்: ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், பெரும்பாலும்

ஜெர்மன் பொருளாதார அமைச்சகத்தின் இந்த மானியம் எந்தத் துறைக்கும் உண்டு, கடைசித் தேதி கிடையாது. 2025 விதிகளில் தனி நிறுவனத் திட்டத்துக்குச் செலவு உச்சவரம்பு 6,90,000 யூரோ. கூட்டாகச் செய்தால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 5,60,000, உடன் வரும் ஆராய்ச்சி நிலையத்துக்கு 2,80,000. நிறுவனத்தின் அளவு, இடம், கூட்டாளி யார் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். 40 சதவீதம் என்று வைத்தால் உச்சத்தில் 2,76,000 யூரோ. மீதி 4,14,000 சொந்தப் பணம். மானியமும் செலவழித்த பின்தான், தவணை தவணையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கு முன் வேலை தொடங்கியிருந்தால் திட்டமே தகுதி இழக்கும். வேலை என்பது சாலிடர் வைப்பது மட்டும் அல்ல. பாகங்களுக்கு ஆர்டர் கொடுப்பதும், துணை ஒப்பந்தம் கையெழுத்திடுவதும் தொடக்கம்தான். போய்ச் சேர்ந்தபின் சொந்தப் பொறுப்பில் தொடங்கலாம். மானியம் மறுக்கப்பட்டால் நட்டம் உங்களுடையது.

‘பெரும்பாலும் திறந்திருக்கும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2021 அக்டோபரில் ஒதுக்கீடு தீர்ந்துபோய்ப் புது விண்ணப்பங்களை நிறுத்தினார்கள். கதவு மறுபடி திறந்தது 2022 ஆகஸ்டில். நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் தொங்கும் எந்த மானியத்துக்கும் இந்த ஆபத்து உண்டு, வரிச்சலுகைக்கு இல்லை. ஒன்று ஒதுக்கீடு, மற்றது சட்டப்படியான உரிமை.

இரண்டையும் சேர்த்து வாங்கலாமா என்றால், வாங்கலாம். ட்சிம் பணம் வாங்கிய அதே மணி நேரத்தை வரிச்சலுகையில் மறுபடி காட்டக்கூடாது, அவ்வளவுதான். வேலையை முதலிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். சென்சாரின் வன்பொருள் ட்சிம்மில், சைகையைப் பகுத்தறியும் கணிதம் வரிச்சலுகையில். ஒரே பொறியாளர் இரண்டிலும் இருந்தால் மணிக்கணக்கு ஏட்டில் இரண்டு பத்திகள்.

யூரோஸ்டார்ஸ்: நல்ல கூட்டாளி இருந்தால் மட்டும்

1985-இல் தொடங்கிய யூரேகா அமைப்பு நடத்தும் திட்டம் இது. 37 நாடுகள் சேர்ந்திருக்கின்றன. கனடா, தென் கொரியா, தென்னாப்பிரிக்கா போல ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவையும் அதில் அடக்கம். ஆண்டுக்கு இரண்டு அழைப்பு, வழக்கமாக மார்ச்சிலும் செப்டம்பரிலும் முடியும். குறைந்தது இரண்டு நாடுகளிலிருந்து இரண்டு தனித்தனி நிறுவனங்கள் வேண்டும், தலைமை ஒரு சிறு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். மொத்தச் செலவில் பாதியாவது சிறு நிறுவனங்களின் பங்கு, எந்த ஒரு நாடோ பங்காளியோ 70 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 36 மாதத்துக்குள் முடித்து, அதன்பின் 24 மாதத்துக்குள் சந்தைக்கு வர வேண்டும். ஒரு பொருளை விற்க நினைப்பவருக்கு ஏற்ற வரம்புகள் இவை.

நம் நிறுவனம் நெதர்லாந்தில் ஒரு சிறு நிறுவனத்தோடு சேர்ந்து 16 லட்சம் யூரோவுக்குத் திட்டம் போடுகிறது என்போம்: ஜெர்மன் பங்கு 10 லட்சம், டச்சுப் பங்கு 6 லட்சம். 62.5 சதவீதம் என்பதால் வரம்புக்குள் வருகிறது. ஜெர்மனி சிறு நிறுவனத்துக்கு 50 சதவீதம் வரை, எல்லா ஜெர்மன் பங்காளிகளுக்கும் சேர்த்து 5 லட்சம் யூரோ வரை கொடுக்கும். ஆக 5 லட்சம் வரும், 5 லட்சம் சொந்தப் பங்கு. கூட ஒரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தைச் சேர்த்தால் அதே 5 லட்சத்துக்குள்தான் பங்கிட வேண்டும். பல்கலைக்கழகம் 100 சதவீதம் வாங்கும், உங்கள் பங்கு சுருங்கும். பேராசிரியரை அழைக்கும் முன் இதைக் கணக்குப் போட வேண்டும்.

மதிப்பீடு மையமாக நடக்கிறது, ஆனால் பணம் அவரவர் நாட்டிலிருந்து வருகிறது. யூரோஸ்டார்ஸின் பலவீனம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தரவரிசையில் மேலே வந்தாலும் பங்காளியின் நாட்டில் அந்தச் சுற்றுக்கான பணம் தீர்ந்திருந்தால் அவர் சொந்தச் செலவில் வர வேண்டும், இல்லையென்றால் திட்டம் கலையும். உங்கள் பேலன்ஸ் ஷீட் சோதனையில் தேறி, பங்காளியுடையது தேறாவிட்டாலும் அதே கதிதான். எழுதத் தொடங்கும் முன்பே இரு நாட்டுத் தொடர்பு அலுவலரையும் தொலைபேசியில் பிடித்து, இந்தச் சுற்றில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், இந்த நிறுவனம் தகுதியானதா என்று கேட்டுவிட வேண்டும். பதில் சொல்வதும் அவர்களுடைய வேலைதான்.

வெற்றி வாய்ப்பு ஆக்சிலரேட்டரைவிடப் பல மடங்கு நல்லது. தோற்பவர்களில் கணிசமானோர் தோற்பது கூட்டு செயற்கையாக இருப்பதால். விதிக்காகச் சேர்த்த வெளிநாட்டுப் பங்காளியை அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ‘இவர் இல்லாவிட்டால் எந்த வேலை நின்றுபோகும்?’ என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் இல்லையென்றால் ட்சிம்முக்குப் போவதே மேல்.

கூட்டுத் திட்டங்கள்: விருந்தாளியாகப் போகலாம், பந்தி நடத்த வேண்டாம்

ஹொரைசன் ஐரோப்பாவில் ‘இரண்டாம் தூண்’ எனப்படும் கூட்டுத் திட்டப் பிரிவில் ஐரோப்பிய ஆணையமே தலைப்பைக் கொடுக்கும். குறைந்தது மூன்று நாடுகளிலிருந்து மூன்று பங்காளிகள், அதில் ஒருவராவது உறுப்பு நாட்டவர். ஆராய்ச்சித் திட்டமென்றால் 100 சதவீதம், சந்தைக்கு நெருங்கிய புத்தாக்கத் திட்டமென்றால் லாப நோக்கு நிறுவனங்களுக்கு 70. நேரடிச் செலவின் மேல் 25 சதவீதம் மேற்செலவு ஒரே விகிதமாக வரும். 3.6 லட்சம் நேரடிச் செலவு என்றால் 4.5 லட்சம் ஆகும். ஆராய்ச்சித் திட்டத்தில் அது முழுதும் வரும், புத்தாக்கத் திட்டத்தில் 3.15 லட்சம். முன்பணமும் உண்டு. ரொக்கம் வறண்ட நிறுவனத்துக்கு இந்த ஐந்தில் மிக இதமான விதிகள் இவைதாம்.

அப்படியானால் ஏன் எல்லோரும் இதற்கே போவதில்லை? தலைப்பு உங்களுடையது அல்ல. அழைப்பில் ‘எதிர்பார்க்கும் விளைவுகள்’ என்று நாலைந்து வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் கூட்டமைப்பு பதில் சொல்ல வேண்டும். குழாய்க் கசிவு அதில் வால்முனையில் ஒட்டிக்கொண்டிருந்தால் மதிப்பெண் குறையும். சிறப்பு, தாக்கம், செயல்படுத்தும் விதம் என்று மூன்றுக்கும் ஐந்தைந்து மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 3, மொத்தம் 10 என்பது குறைந்தபட்சம். 10 வாங்கினால் பணம் வரும் என்று நினைக்க வேண்டாம். போட்டியுள்ள தலைப்புகளில் அதைவிட வெகு மேலேதான் கோடு விழும். முடிவு சொல்ல ஐந்து மாதம், ஒப்பந்தத்துக்கு மூன்று மாதம்.

பன்னிரண்டு பேர் நிறுவனம் ஒருங்கிணைப்பாளராகக்கூடாது. பத்துப் பங்காளிகளின் அறிக்கையையும் தாமதத்தையும் சண்டையையும் சுமக்க ஒரு முழு ஆள் வேண்டும். அந்த ஆள் சென்சார் செய்யப்போவதில்லை. பங்காளியாகப் போக வழி இருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் கோர்டிஸ் தரவுத்தளத்தில் குடிநீர்க் கட்டமைப்பு பற்றிய பழைய திட்டங்களைத் தேடி, யார் ஒருங்கிணைத்தார்கள் என்று பாருங்கள். அழைப்பு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: எங்களிடம் இருப்பது இது, நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய வேலைப்பகுதி இது. கடைசி மாதத்தில் எழுதுபவருக்கு இடம் இருக்காது.

பணம் வந்தபின் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். ஒன்று கருவி. 2 லட்சம் யூரோ இயந்திரம் வாங்கி முழுத்தொகையையும் எழுதுவது வழக்கமான பிழை, தேய்மானம்தான் செல்லும். ஐந்தாண்டு ஆயுள், திட்டத்தில் 24 மாதம், பாதி நேரம் பயன்பாடு என்றால் 40,000 யூரோதான். இரண்டாவது சம்பள விகிதம். ஆண்டுச் செலவை 215 நாளால் வகுக்க வேண்டும். 75,250 யூரோ செலவாகும் பொறியாளருக்கு நாளுக்கு 350. வேலை நாள் 250 என்று வகுத்தால் நீங்களே உங்கள் பணத்தைக் குறைத்துக்கொள்கிறீர்கள். மானியம் 4,30,000 யூரோவை எட்டினால் தணிக்கையாளர் சான்று வேண்டும்.

இப்போது மொத்தத்தொகை முறை பரவிவருகிறது. 2027-க்குள் நிதியில் பாதியை அப்படிக் கொடுப்பது ஆணையத்தின் இலக்கு. அதில் மணிக்கணக்கு கேட்கமாட்டார்கள், வேலைப்பகுதி முடிந்ததா என்றுதான் பார்ப்பார்கள். பத்தில் ஒரு பங்காளி சொதப்பி அந்தப் பகுதி முடியாமல் போனால், தன் வேலையைச் செய்து முடித்தவருக்கும் அந்தப் பகுதிக்கான பணம் நிற்கும். அதனால் உங்கள் வேலையைப் பெரிய பகுதிக்குள் கரைக்காமல் சிறிய, விரைவில் முடியும் வேலைப்பகுதியாகக் கேட்டு வாங்குங்கள். கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் தொழில்நுட்பத்தைப் பட்டியலிடும் இணைப்பு ஒன்று இருக்கும். மூல நிரலை எந்த வரம்போடு திறக்கிறீர்கள் என்பதை அதில் எழுதாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஆக்சிலரேட்டர்: இன்றைக்கு அல்ல

25 லட்சம் யூரோவுக்குள் மானியம், அதற்கு மேல் 5 லட்சத்திலிருந்து 1 கோடி வரை பங்கு முதலீடு. இது 2025 விதி. மானியம் செலவில் 70 சதவீதம். 35 லட்சம் யூரோத் திட்டத்துக்கு 24.5 லட்சம் வரும், 10.5 லட்சம் நீங்கள் போட வேண்டும். வங்கியில் 4 லட்சம் இருப்பவருக்கு அந்த 10.5 லட்சம் எங்கிருந்து வரும் என்பதுதான் நேர்முகத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் விழும் கேள்வி.

2024 அக்டோபர் சுற்றில் 1,211 நிறுவனங்கள் முழு விண்ணப்பம் கொடுத்தன, தேர்வானவை 71. 2025 மார்ச்சில் 959-இல் 40. இவை முதல் கட்டத்தைத் தாண்டி வந்தவர்களின் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். முதல் கட்டம் குறு விண்ணப்பம், பத்துத் தாள் விளக்கக்காட்சி, மூன்று நிமிடக் காணொளி. எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். இரண்டாவது முழு விண்ணப்பம்: நிதிக் கணக்கு, காப்புரிமை மீறாமல் விற்க முடியுமா என்ற ஆய்வு, வாடிக்கையாளர் விருப்பக் கடிதங்கள். மூன்றாவது நேர்முகம்: பத்து நிமிடம் பேச்சு, 35 நிமிடம் கேள்வி. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் முதலீட்டாளர்கள் உண்டு. பேராசிரியரைத் திருப்திப்படுத்தும் பதில் அவர்களிடம் எடுபடாது.

நம் நிறுவனத்துக்கு இதைவிட அடிப்படையான தடை ஒன்று இருக்கிறது. தொழில்நுட்பத் தயார்நிலை 1 முதல் 9 வரை என்ற அளவுகோலில் ஆக்சிலரேட்டர் மானியம் 6 முதல் 8 வரைக்கான வேலைக்கு. ஆய்வகத்தில் வேலை செய்வது நிலை 4. உண்மைச் சூழலை ஒத்த இடத்தில் சோதித்தால்தான் 5. ‘எங்களிடம் வேலை செய்யும் மாதிரி இருக்கிறது, அதனால் 6’ என்று எழுதுபவர்கள் ஏராளம். மதிப்பீட்டாளர் கேட்பது எங்கே, யாருடைய குழாயில், எத்தனை நாள் என்பதை. ஒரு நகராட்சிக் குடிநீர் நிறுவனத்தின் சோதனைத் தளத்தில் நாலு மாத அளவீடு கையில் இல்லாமல் 5 என்று சொல்ல முடியாது.

அவசரப்படுவதற்கு விலையும் உண்டு. 2024-இல் வந்த விதிப்படி, எந்தக் கட்டமாக இருந்தாலும் மூன்று முறை நிராகரிக்கப்பட்டால் மேற்கொண்டு விண்ணப்பிக்க முடியாது. ‘சும்மா ஒருமுறை போட்டுப் பார்ப்போம்’ என்பது மூன்றில் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவது.

நிறுவனம் எந்த நாட்டில் என்பதும் இங்கே கடிக்கும். 2024 ஜனவரி 1 முதல் பிரிட்டன் ஹொரைசனில் இணைந்திருக்கிறது, ஆனால் ஆக்சிலரேட்டரின் பங்கு முதலீட்டில் இல்லை, மானியம் மட்டும். சுவிட்சர்லாந்து 2021-இல் வெளியே நின்று 2025-இலிருந்து இணைந்திருக்கிறது.

இ.ஐ.சி.யின் பாத்ஃபைண்டரை இந்த நிறுவனம் யோசிக்கவே வேண்டாம்; அது நிலை 1 முதல் 4 வரையான அடிப்படைக் கனவுகளுக்கு, 2025-இன் திறந்த அழைப்பில் இரண்டாயிரத்துக்கு மேல் வந்து 44 தேர்வாயின. டிரான்சிஷன் என்ற மற்றொன்று 25 லட்சம் யூரோ வரை, 100 சதவீதம் தருகிறது. ஆனால் தொழில்நுட்பம் குறிப்பிட்ட ஐரோப்பியத் திட்டங்களிலிருந்து பிறந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் நிதி கொடுத்த பேராசிரியரின் ஆய்வகத்திலிருந்து கிளைத்த நிறுவனமாக இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

நாட்காட்டியில் வைத்தால்

இந்த நிறுவனம் செய்யக்கூடியது இது. முதல் வாரத்தில் பேலன்ஸ் ஷீட் சோதனை, தேவைப்பட்டால் கடனைப் பங்காக்குதல். அதே வாரத்தில் மணிக்கணக்கு ஏடு. இரண்டாம் மாதத்துக்குள் வரிச்சலுகைச் சான்றுக்கு விண்ணப்பம். ஓடிக்கொண்டிருக்கும் வேலையோடு, கடந்த ஆண்டுகளில் விட்டுப்போனதையும் சேர்த்து. அந்தப் பழைய ஆண்டுகளின் தொகைதான் முதலில் கைக்கு வரக்கூடிய பணம், ஏனென்றால் அந்த நிதியாண்டுகள் ஏற்கெனவே முடிந்துவிட்டன. நல்ல வெளிநாட்டுப் பங்காளி இருந்தால் அடுத்த யூரோஸ்டார்ஸ் சுற்று; இல்லையென்றால் ட்சிம். இரண்டிலும் சொந்தப் பங்கு 4 லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வருவதால், திரும்பி வரும் வரிச்சலுகையைக் காட்டி வங்கியிடமோ முதலீட்டாளரிடமோ இடைக்காலப் பணத்தை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். இந்த மானியத்தில்தான் சென்சார் தெருவுக்கு அடியில் போய் நிலை 4-இலிருந்து 6-க்கு வர வேண்டும்.

அதற்கு இரண்டு ஆண்டு ஆகும். ஹொரைசன் ஐரோப்பா 2027-ஓடு முடிகிறது. அடுத்த திட்டத்துக்கு, 2028 முதல் 2034 வரை, 17,500 கோடி யூரோ வேண்டும் என்று ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது, இ.ஐ.சி. அதிலும் தொடர்கிறது. ஆகவே இந்த நிறுவனத்தின் ஆக்சிலரேட்டர் விண்ணப்பம் புது விதிகளின் கீழ்தான் போகும். 2027 முடியும் முன் எதையாவது அனுப்பிவிடச் சொல்லி ஆலோசகர்கள் நெருக்குவார்கள். அவர்களில் பலருக்கு எழுதும்போதே பாதிக் கூலி வந்துவிடும். தெருவுக்கு அடியிலிருந்து வரும் நாலு மாத அளவீடு இல்லாமல் அந்தக் கூலியைக் கொடுப்பதைவிட, அதே பணத்தில் இன்னும் பத்து சென்சாரைப் புதைக்கலாம்.